கேளுங்கள், சொல்கிறேன்: சுடுபயிற்சிக்கான எஃகுத் தகடுகள்

சென்ற இதழில் குன்னூர்ப் பக்கத்து ரைஃபிள் கிளப் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, அங்கே தொங்கிய எஃகுத் தகடுகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன; அவற்றுள் பெரும்பாலானவை நம் நீலகிரி மாவட்டத்திலிருந்தே வந்தவை. படையில் இருந்த காலத்திலும், ஓய்வு பெற்ற பின் கிளப்பிலுமாக ரேஞ்சுகளை, அதாவது சுடுபயிற்சிக் களங்களை, பராமரித்த அனுபவத்தைக் கொண்டு, ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிளப்பில் .22 (குழாயின் விட்டம், அங்குலத்தில்) ரைஃபிள்கள் உள்ளன. சில உறுப்பினர்களிடம் உரிமம் பெற்ற.315 ரைஃபிளும் உண்டு. மூடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பழைய பாய்லர் தகடு, 16 மி.மீ. கனத்தில், ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. இலக்குக்கென்று விற்கும் தகடு 10 மி.மீ. தான். அதைவிட இது கனமானது என்பதால் இதையே வெட்டிப் பயன்படுத்தலாம் என்கிறார் எங்கள் செயலாளர். சரியா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: செயலாளர் கனத்தைப் பார்க்கிறார்; பார்க்க வேண்டியது கடினத்தை. பாய்லர் தகடு நெருப்பையும் நீராவி அழுத்தத்தையும் தாங்கும்படி, வளைத்தால் வளையும்படி, வேண்டுமென்றே மிருதுவாகச் செய்யப்படுவது. உலோகத்தின் கடினத்தை அளக்கப் பிரினெல் எண் என்றொரு கணக்கு உண்டு. 10 மி.மீ. விட்டமுள்ள கடினமான உருண்டையைக் குறிப்பிட்ட பாரத்தில் தகட்டின்மேல் அழுத்தி, விழுந்த பள்ளத்தின் அகலத்தை அளந்து அந்த எண்ணைக் கணக்கிடுவார்கள். கட்டடங்களுக்கும் கேட்டுகளுக்கும் பயன்படும் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு 120 முதல் 150 வரை நிற்கும். பாய்லர் தகடும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இலக்குக்கென்று உலகெங்கும் பயன்படும் ஏஆர்500 வகைத் தகடு 500-ஐ ஒட்டி நிற்கும். சுவீடன் நாட்டுத் தயாரிப்பான ஹார்டாக்ஸ் 500 தகட்டுக்கு 470 முதல் 530 வரை என்று நிறுவனமே வரம்பு கொடுத்திருக்கிறது. ஆக, உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு கடினமுள்ள பொருள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். குண்டு தகட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடுமோ என்றுதான் எல்லோரும் முதலில் அஞ்சுவார்கள். துளைத்துப் போனால் பின்னால் இருக்கும் மண்மேடு அதை வாங்கிக்கொள்ளும். அதில் பெரிய ஆபத்து இல்லை. துளைக்காமல் பாதி வழியில் நிற்பதில்தான் ஆபத்து. மிருதுவான தகட்டில் .315 குண்டு பட்டால் இட்லித்தட்டின் குழிபோல ஒரு பள்ளம் விழுகிறது. அடுத்த குண்டு அந்தப் பள்ளத்திலோ அதன் விளிம்பிலோ பட்டால், உருகியதுபோல் நெகிழும் ஈயமும் அதன் மேலுறையான செம்புத் துணுக்குகளும் பள்ளத்தின் வளைவைப் பிடித்துக்கொண்டு சுழன்று, வந்த திசைக்கே, அதாவது சுட்டவரை நோக்கியே திரும்புகின்றன. கடினமான, சமதளமான தகட்டில் அதே குண்டு பட்டால் அப்பளம் நொறுங்குவதுபோலச் சிதறி, தகட்டின் முகத்தை ஒட்டியே, ஏறத்தாழ 20 பாகைக்குள், நான்கு பக்கமும் விரிந்து போகிறது. எந்தத் தகட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பட்ட குண்டு அதற்குப் பிறகு எங்கே போகும்?

உங்கள் கிளப்புக்கு .315-க்காக 10 மி.மீ. கனமும் 500 கடினமும் கொண்ட தகடு வாங்குங்கள். .315 குண்டு கனமானது, ஆனால் வேகம் மட்டானது. 100 மீட்டரில் அந்தத் தகடு பல ஆண்டு உழைக்கும். .30-06 வைத்திருப்பவர் யாரேனும் சேர்ந்தால், அதன் குண்டு நொடிக்கு 850 மீட்டரை ஒட்டிக் கிளம்புவதால், அவருக்கு மட்டும் 12 மி.மீ. தகட்டை 150 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். தகட்டை அதிகம் கெடுப்பது குண்டின் எடையைவிட அதன் வேகமே. தகட்டில் படும்போது நொடிக்கு 900 மீட்டரைத் தாண்டும் எந்தக் குண்டும் நல்ல எஃகையும் குழியாக்கிவிடும் என்பதால், சிறிய குண்டை மிக வேகமாக அனுப்பும் ரைஃபிள்களைத் தகட்டின் பக்கமே விடாதீர்கள். உள்ளே எஃகு முனை வைத்த குண்டுகளுக்கும் இதே தடைதான்.

பாய்லர் தகட்டை வீணாக்க மனமில்லையென்றால் .22-க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். .22 லாங் ரைஃபிள் குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டரை ஒட்டியது, அதன் ஆற்றல் .315-இன் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தத் தகட்டின் இரு பக்கமும் ‘.22 மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, தனிப் பாத்தியில் (சுடும் வரிசையில்) நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை யாரோ ஒருவர் .315-ஆல் அதைச் சுட்டுவிட்டால், அன்றைக்கே அது பழைய இரும்புக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

கேள்வி: கடினத் தகடு வாங்கிக் கொடுத்தால் கேஸ் கட்டிங்கில் வட்டமாக வெட்டி, மேலே கொக்கி வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? (குன்னூர் வாசகர்)

பதில்: தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். பட்டறைக்காரரின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. நெருப்பைத்தான் குறை சொல்கிறேன். இந்தத் தகடுகளின் கடினம், ஆலையில் சூடேற்றித் திடீரென்று குளிர்வித்ததனால் வந்தது. ஹார்டாக்ஸ் 500 தகட்டை 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் குணம் கெடும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். கேஸ் கட்டிங்கில் வெட்டிய ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்காவது நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஓரம் இனிக் கடினத் தகடு இல்லை, எம்.எஸ். தகடுபோல ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. வட்டத்தில் ஓரமெல்லாம் மிருதுவாகிப்போனால், உறுதியாக மிஞ்சுவது நடுவில் ஒரு வட்டம் மட்டுமே. கொக்கியை வெல்டிங் செய்தால் அதன் பின்னாலும் ஒரு மிருதுவான திட்டு உண்டாகும். முன்முகத்தில் குழி விழும்வரை அது இருக்கும் இடமே தெரியாது.

லேசர் கட்டிங்கில் சூடு படும் அகலம் மிகக் குறைவு. வாட்டர்ஜெட் முறையில் நீரும் மணலும் வெட்டுவதால் சூடே இல்லை. கூலி கூடுதலாக இருந்தாலும் அதுவே சிறந்தது. தொங்கவிடும் துளைகளையும் அதே எந்திரத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு டிரில் வைத்துப் போராட வேண்டியதில்லை. விலை கேட்பதற்கு முன் எடையைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது: 10 மி.மீ. கனத்தில் 20 செ.மீ. வட்டம் சுமார் இரண்டரைக் கிலோ, 30 செ.மீ. வட்டம் ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

வாங்கும்போது ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த எஃகு என்பதைக் காட்டும் எண்), வெட்டுவதற்கு முன் முழுத் தகட்டின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்துக் காட்டி, ‘பாருங்கள், அரம் வழுக்குகிறது’ என்பார் விற்பவர். அது சான்றாகாது, புது அரம் 500 தகட்டையும் கொஞ்சம் கடிக்கும், தேய்ந்த அரம் எம்.எஸ். தகட்டிலேயே வழுக்கும். ஒருமுறை நான் சர்டிபிகேட் கேட்காமல், பேச்சை மட்டும் நம்பி நான்கு தகடுகளை மலையேற்றிக்கொண்டு வந்தேன். அவற்றில் இரண்டில் முதல் மாதத்திலேயே குழி விழுந்தது. கையடக்கக் கருவி வைத்திருந்த நண்பர் ஒருவர் அளந்து பார்த்தபோது, நான்கில் இரண்டு வேறு வகைத் தகடு என்று தெரிந்தது. கடைக்காரரோடு சண்டை போட என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கேள்வி: லாரிப் பட்டா, தண்டவாளத் துண்டு, கல் குவாரியின் தாடைத் தகடு ஆகியவை கெட்டியான எஃகுதானே? (கூடலூர் வாசகர்)

பதில்: கெட்டிதான், ஆனால் பட்டா வளைந்தது, தண்டவாளத்தின் தலை உருண்டது. வளைவில் பட்ட குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லுடைக்கும் எந்திரத்தின் தாடைத் தகடு மாங்கனீசு எஃகு. 1882-இல் இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த வகை. அடிபட அடிபடத்தான் அது இறுகும், முதலில் மிருதுவாகவே இருக்கும். அச்சில் வார்த்தது என்பதால் மேல்முகமும் வரப்பு வரப்பாக இருக்கும். மூன்றும் வேண்டாம். காலி கேஸ் சிலிண்டரைத் தொங்கவிட்டுச் சுடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதே பதில்தான், சற்று உரக்க.

கேள்வி: தகட்டை எவ்வளவு தூரத்தில், எப்படித் தொங்கவிட வேண்டும்? எப்போது மாற்ற வேண்டும்? (உதகை, குன்னூர் வாசகர்கள் மூவர்)

பதில்: .315 போன்ற பெரிய ரைஃபிள்களுக்கு 100 மீட்டருக்குக் குறையவே கூடாது. .22-க்கு 25 மீட்டர் போதும் என்று சொல்வார்கள். எங்கள் கிளப்பில் 50 என்றே வைத்திருக்கிறோம். குறிபார்ப்பவருக்கும் அந்தத் தூரமே பயன் தரும்.

தொங்கவிடுவதில் கவனிக்க வேண்டியது சாய்மானம். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவரை நோக்கிச் சற்று முன்னால் வரும்படி, ஏறத்தாழ 20 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் சிதறலில் பெரும் பகுதி கீழே மண்ணுக்குள் இறங்கிவிடும். தகட்டுக்கு நேர் கீழே சிமெண்டுத் தளமோ பாறையோ இருந்தால் இந்தச் சாய்மானத்தால் பயனில்லை. கீழே இறங்கிய துணுக்கு மறுபடி எழும்பும். அங்கே ஓர் அடி ஆழத்துக்குச் சலித்த மணலையோ கல் பொறுக்கிய மண்ணையோ நிரப்புங்கள்.

சங்கிலியில் தொங்கவிடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு குண்டு பட்டதும் கண்ணி அறுந்து, அறுந்த கண்ணியும் பறக்கும். நான் பரிந்துரைப்பது பழைய கன்வேயர் பெல்ட். தேயிலைத் தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டும், துணி வைத்த ரப்பர் பெல்ட்டை மூன்று விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். குண்டு பட்டால் அது துளைத்துப் போகுமே தவிரத் திரும்பாது. போல்ட்டின் தலை முன்பக்கம் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும்; மரையும் நட்டும் பின்பக்கம் இருக்கட்டும். பின்பக்கம் தகட்டுக்கும் நட்டுக்கும் இடையே ஒரு சுருள்வில்லைப் போட்டு முறுக்கினால் சாய்மானமும் நிற்கும், அதிர்ச்சியும் உள்வாங்கப்படும். சட்டத்துக்கு இரும்புக் குழாயைவிட மரமே நல்லது. மரவாடியில் வாங்கிய சில்வர் ஓக் கம்பம் இரண்டு, குறுக்கே ஒன்று, அவ்வளவுதான்; குண்டு பட்டுப் பிளந்தால் அடுத்ததை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும் காலத்தைக் கையாலேயே அறியலாம். பயிற்சி முடிந்து, துப்பாக்கிகள் காலியாக வைக்கப்பட்ட பின், தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தடித்த கையுறை இல்லாமல் விரல் நுனியை மெல்ல அதன்மேல் நகர்த்திப் பாருங்கள். ஈயம் அப்பியிருந்தால் அது வெள்ளிப் பொட்டாகத் தெரியும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், அது குற்றமில்லை. விரல் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அல்லது குழியைச் சுற்றி எழும்பிய கூர்மையான விளிம்பு சதையைக் கீறினால், அந்தத் தகட்டின் ஆயுள் முடிந்தது. குழியை வெல்டிங் செய்து நிரப்பிக் கிரைண்டரால் சமப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். குழியில்லாமல் தகடு வெறுமனே வில்போல் வளைந்திருந்தால் திருப்பி மாட்டலாம். மறுபக்கம் சுடச்சுட வளைவு நிமிர்ந்துவிடும்.

என் வலக் கண்ணுக்கு இரண்டு விரற்கடைக்குக் கீழே ஒரு சிறு வடு இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்து ரேஞ்சில், குழி விழுந்த எம்.எஸ். தகட்டை யாரோ சுட்டபோது, நான் பக்கத்துப் பாத்தியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தேள் கொட்டியதுபோல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தால், ஆரஞ்சுத் தோலைச் சீவிய சுருள்போல, நகக்கண் அளவுக்கு ஒரு செம்புத் துணுக்கு. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவரை, சுடுபவராயினும் வேடிக்கை பார்ப்பவராயினும், இப்போது எங்கள் கிளப்பின் கயிற்றைத் தாண்ட விடுவதில்லை. நம் ஊர்ப் பனியில் கண்ணாடி மங்குகிறது என்று கழற்றுபவர்களே அதிகம். மங்காத பூச்சுள்ள கண்ணாடி கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கேள்வி: உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் பயிற்சி செய்ய எந்தத் தகடு நல்லது? (உதகைக் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, முதலில் மாடியை விட்டு இறங்குங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட, 0.177 அங்குலக் (4.5 மி.மீ.) குழாயுள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு அந்த விதி தெரியாது. உதகையில் வீடுகள் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், உங்கள் மாடிக்கு நேரே இன்னொருவர் வாசல் இருக்கும். வீட்டுக்குள் 10 மீட்டர் நீளம் கிடைத்தால் போதும், அதுவே போட்டித் தூரமும்கூட.

ஏர் ரைஃபிளுக்குக் கடின எஃகு தேவையே இல்லை. இரண்டு, மூன்று மி.மீ. எம்.எஸ். தகட்டை, முன்பக்கம் திறந்த ஒரு பெட்டிக்குள் 45 பாகை சாய்த்து வைத்தால், ஈய ரவை அதில் பட்டுக் கீழே மடங்கிப் பெட்டிக்குள்ளேயே விழும். முன்னால் காகித இலக்கை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உருண்டையான எஃகு ரவைகளை எந்தத் தகட்டின்மேலும் சுடாதீர்கள். ஈயம் நசுங்கித் தன் வேகத்தை இழக்கும். எஃகு ரவை கோலிக்குண்டுபோல் அப்படியே திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு எதிரே எங்களுக்கே சொந்தமான சரிவு ஒன்று 300 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தில் தகடு வைத்துச் சுட ஆசை. பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி உரிமம் என்னிடம் உள்ளது. (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த உரிமம் அந்த நோக்கத்துக்கு மட்டுமே. சுடுபயிற்சிக் களம் நடத்துவதற்குத் தனி உரிமம் வேண்டும். சொந்த நிலம் என்பதால் அந்தத் தேவை நீங்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறாமல் ஒரு தோட்டாவைக்கூடச் செலவழிக்க வேண்டாம். தோட்டம் காட்டை ஒட்டியிருந்தால் 1972 வனவுயிர்ச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வனத்துறையினர் காதில் விழும் வெடிச்சத்தம் தகட்டுக்கா காட்டுமாட்டுக்கா என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

அனுமதி கிடைத்தாலும் அந்தச் சரிவு எனக்குப் பிடிக்கவில்லை. நீலகிரியின் சரிவுகள் பார்வைக்குத்தான் மண். இரண்டு அடி தோண்டினால் கெட்டிப் பாறை, மழையில் கழுவப்பட்ட இடங்களில் அதுவே வெளியில் துருத்திக்கொண்டிருக்கும். தகட்டைத் தவறவிட்ட குண்டு அந்தப் பாறையில் பட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் அதன் வழி. .22 குண்டே ஒரு மைல் தாண்டிப் பறக்கக்கூடியது. எதிர்ச்சரிவில் மதிய வேளையில் ஆள் இல்லை என்கிறீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடிக்கு மேல் தலைமட்டும் தெரிய நிற்பார்கள், குனிந்தால் அதுவும் தெரியாது.

சரிவை வெட்டி மண்மேடு அமைக்கலாமே என்பீர்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கங்களில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, சரிவின் அடிவாரத்தைச் சீண்டுவது என்றால் என்ன என்று தெரியும். நம் மாவட்டத்தில் மண் தோண்டும் எந்திரங்களைக் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டியிருப்பதும் அதனால்தான். உரிமம் பெற்ற கிளப் ஒன்றில் உறுப்பினராகுங்கள். தகடு வாங்கும் செலவையும் அங்கே பத்துப் பேரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: என் மகள் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். எஃகுத் தகட்டைச் சுட்டுப் பழகினால் குறி கெட்டுவிடும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். பயம் போகும் என்கிறார் இன்னொருவர். (அருவங்காட்டுத் தாய்)

பதில்: இருவரும் தங்கள் தங்கள் அளவில் சரியே, அம்மா. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தகடு ‘ணங்’ என்று சொல்வது ‘பட்டது’ என்ற ஒரே செய்தியை. நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று சொல்லாது. அந்த ஓசையில் மயங்கிய பிள்ளைகள் ஒரு மாதத்தில் ஓரத்தில் பட்டாலும் போதும் என்ற மனநிலைக்கு வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே வாரத்தில் பெரும்பங்கு காகிதத்தில்தான்.

ஆனால் தகட்டுக்கென்றே உலகில் பெரிய போட்டிகள் உண்டு. பனிச்சறுக்கோடு சேர்ந்த பயத்லான் போட்டியில் .22 ரைஃபிளால் 50 மீட்டரில் ஐந்து தகடுகளைச் சாய்க்க வேண்டும்; படுத்துச் சுடும்போது 45 மி.மீ. வட்டம், நின்று சுடும்போது 115 மி.மீ. மெக்சிகோவில் தோன்றிய சில்லவெட் போட்டியில் கோழி, பன்றி, வான்கோழி, ஆட்டுக்கிடா வடிவத் தகடுகளை விழுத்துவார்கள்; .22-க்கு அவை 40, 60, 77, 100 மீட்டர் தூரங்களில் நிற்கும். உங்கள் மகள் நின்ற நிலையில் சுடும்போது தயங்கித் தயங்கி விசையை இழுக்கிறாள் என்றால், வாரம் ஒருநாள் கடைசி அரைமணி நேரம் 115 மி.மீ. தகட்டில் சுடட்டும். 50 மீட்டரில் விசையை இழுத்த மூன்றில் ஒரு நொடிக்குள் பதில் காதுக்கு வந்துவிடும். அந்த உடனடிப் பதில் தயக்கத்தைக் கரைப்பதுபோல் வேறெதுவும் கரைத்து நான் பார்த்ததில்லை. அது கழிந்ததும் மறுபடி காகிதம்.

(உங்கள் ஊரைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. தோட்டாவுக்கான மருந்து செய்ய 1904-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை உங்கள் வாசலில் இருக்கிறது; தகட்டுக்கு மட்டும் நாம் மலையிறங்க வேண்டியிருக்கிறது.)

கேள்வி: எங்கள் தகடுகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டன. என்ன வண்ணம் பூசலாம்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: மேல்துரு அழகைத்தான் கெடுக்கும், தகட்டைக் கெடுக்காது, கம்பித்தூரிகையால் தேய்த்துவிட்டுச் சுடுங்கள். வண்ணம் துருவுக்காக அல்ல, குண்டு பட்ட இடம் தெரிவதற்காகவே. வெயில் நாளில் சுண்ணாம்பே போதும், ஒரு டப்பா பல வாரம் வரும். ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் வெள்ளைத் தகடு வெள்ளைக்குள் கரைந்துவிடும்; அப்போது மஞ்சளோ காவியோ பூசுங்கள். தகடு தெரிந்து பின்னால் உள்ள மண்மேடு தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டால், அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. தேநீர் குடிக்கப் போகலாம்.

கேள்வி: ரேஞ்சுக்குக் கீழே எங்கள் ஊர் ஊற்று இருக்கிறது. ஈயம் தண்ணீரில் இறங்காதா? சுடுபவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. (குன்னூர் வட்டத்து ஊர்த்தலைவர்)

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் எனக்குச் சங்கடம் தந்தது, ஏனெனில் இதைச் சுடுபவர்களாகிய நாங்கள் முதலில் பேசியிருக்க வேண்டும். இறங்கக்கூடும். ஈயம் காரத்தன்மையுள்ள மண்ணில் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். புளிப்பு மண்ணில் கரையும். நம் தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு உகந்த pH அளவே (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்டது என்று ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். முழுக் குண்டாகக் கிடக்கும் ஈயத்தைவிட, எஃகுத் தகட்டில் பட்டுப் பொடிப்பொடியான ஈயம் இன்னும் எளிதாகக் கரையும். இந்த ஒரு விஷயத்தில் காகித இலக்கைவிடத் தகடு மோசம்.

ஆனால் தகட்டிலேயே ஒரு வசதியும் உண்டு. சாய்த்துத் தொங்கவிட்ட தகடு ஈயத்தில் பெரும் பகுதியைத் தன் காலடியிலேயே கொட்டுகிறது. அதைத் தேடி மலை முழுவதும் அலைய வேண்டியதில்லை. எங்கள் கிளப்பில் ஒவ்வொரு தகட்டின் கீழும் மண்ணில் பாதி புதைத்த மரப்பெட்டியில் மணல் நிரப்பி, மேலே சாய்வாக ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை, மழை தொடங்குமுன், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மணலைச் சற்று நனைத்துச் சலிக்கிறோம். உலர்ந்த மணலைச் சலித்தால் ஈயத்தூசு மூச்சில் ஏறும். சேர்ந்த ஈயத்தை முறையாக மறுசுழற்சி செய்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். மண்மேட்டின் தலைப்பில் குறுக்கு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீர் ரேஞ்சுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறோம். மேட்டு மண்ணுக்கு, தோட்டத்தில் போடுகிற அதே டோலமைட் பொடியைத் தூவி, மண்ணின் pH அளவு 6.5-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ரேஞ்சின் நிர்வாகிகளிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: தகட்டின் கீழே பெட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது சலித்தார்கள், வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, மண்ணின் pH அளவு என்ன. பதில் சொல்லத் தடுமாறினால் ஊற்று நீரை ஈயத்துக்காகப் பரிசோதனைக்குக் கொடுங்கள், மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. அந்தச் செலவை அவர்கள் ஏற்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்; நகலை எனக்கும் அனுப்பிவையுங்கள், அடுத்த இதழில் இதே பகுதியில் வெளியிடுகிறேன்.